அம்மம்மா வீட்டு ஒழுங்கை

உங்கள் அம்மா அப்பா இருக்கிற வீட்டில் ஏசி இருக்கிறதா? இருந்தால், போடுகிறார்களா? என் வயதுத் தமிழ் ஆட்களிடம் இதைக் கேட்டால் அனேகமாக ஒரே பதில்தான் வரும்: "இருக்கு, ஆனால் போடமாட்டினம்." காரணம் ஹைட்ரோ பில். அதற்குப் பிறகு வருகிற வசனமும் உங்களுக்குத் தெரியும். "நாங்கள் யாழ்ப்பாணத்து வெயிலைக் கண்டனாங்கள். இது என்ன வெயில்?"

என் அம்மாவும் அதைத்தான் சொல்லுவா. அவவுக்கு இப்போது 71 வயது. மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் என்கிற இடத்தில், மூன்று தட்டுக் கட்டடம் ஒன்றின் மேல் தட்டில் தனியாக இருக்கிறா. நான் வளர்ந்ததும் அந்த வீட்டில்தான். கலியாணம் முடித்து நான் லவாலுக்கு வந்த பிறகு எத்தனையோ தரம் அவவைக் கூப்பிட்டுப் பார்த்தோம். "இஞ்ச கடை, டொக்டர், மெற்றோ எல்லாம் நடந்து போற தூரம். உங்கட வீட்டில கார் இல்லாமல் நான் என்ன செய்யிறது?" என்று கேட்பா. நியாயமான கேள்வி. ஆகவே அவ அங்கேதான் இருக்கப் போறா. அப்படியென்றால் அந்த இடத்து வெயிலுக்கு என்ன செய்யலாம் என்பதைத்தான் நாங்கள் யோசிக்க வேண்டி வந்தது.

யோசிக்க வைத்தது 2018. அந்த வருசம் யூன் கடைசியில் தொடங்கி யூலை முதல் வாரம் முழுக்க மொன்றியல் வெந்தது. யூலை முதலாம் திகதி கியூபெக்கில் ஊரே வீடு மாறுகிற நாள். சனம் ஃப்ரிட்ஜையும் கட்டிலையும் வெளிப்படிக்கட்டால் இறக்கிக்கொண்டு நின்ற நேரம் அது. அடுத்த நாள், யூலை 2ஆம் திகதி, மக்கில் பல்கலைக்கழக வானிலை நிலையத்தில் 36.6 பாகை பதிவானது. அங்கே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக எழுதிவைத்த கணக்கில் அவ்வளவு வெப்பம் அதற்கு முதல் இல்லை. எல்லாம் முடிந்து நகரத்துப் பொதுச் சுகாதாரத் துறை கணக்கெடுத்தபோது, அந்த ஒரு வெப்ப அலையோடு சேர்ந்த மரணங்கள் 66 என்று வந்தது. பெரும்பாலானோர் தங்கள் சொந்த வீட்டுக்குள்ளேயே இறந்தவர்கள். அந்த வீடுகளில் அனேகமாக ஏசி இல்லை. வயது போனவர்கள், தனியாக இருந்தவர்கள், ஏற்கனவே நோய் இருந்தவர்கள். நகரத்தின் வெப்பத் தீவுகளில் இருந்தவர்களிடையே மரணம் மற்ற இடங்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அந்தப் பட்டியலை வாசிக்கும்போது நான் ஒவ்வொன்றாக என் அம்மாவுக்குப் பொருத்திப் பார்த்தேன். வயது, தனிமை, பிறஷர் குளிசை, மேல் தட்டு, ஏசி போடாத வீடு. எல்லாவற்றுக்கும் 'ஓம்' என்றுதான் வந்தது.

யாழ்ப்பாணத்து வெயில் கதைக்கு வருவோம். அம்மா சொல்வதில் பிழை இல்லை. அவ வளர்ந்த வீட்டில் அந்த வெயிலைச் சமாளிக்க எல்லாம் இருந்தது. முற்றத்தில் வேம்பு. சுற்றிவர விறாந்தை. கிடுகோ ஓடோ போட்ட உயரமான கூரை. வளவு முழுக்க மண். வேலியில் கிளுவையும் பூவரசும். பின்னேரம் கிணத்தடியில் இரண்டு வாளி தண்ணி அள்ளி வாத்தால் உடம்பு குளிர்ந்துவிடும். இரவில் முற்றத்தில் பாய் போட்டுப் படுக்கலாம். அந்த வெயிலில் நின்றது பதினெட்டு வயது உடம்பு என்பதையும் மறக்கக் கூடாது.

மொன்றியலின் பழைய கட்டடங்கள் குளிருக்காகக் கட்டப்பட்டவை. பகல் முழுக்கச் செங்கல் வெயிலைக் குடிக்கும், இரவு முழுக்க அதை உள்ளே விடும். மேல் தட்டுக்குத் தலைக்கு மேலே கறுத்த தார்க் கூரை. முன்னுக்குத் தார் றோட்டு, பின்னுக்குத் தார் ஒழுங்கை. இதைத்தான் வெப்பத் தீவு என்கிறார்கள். என் மகள் இந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்துக்கொண்டு வந்து, "அம்மா, அம்மம்மா ஈலோ த ஷலேரிலயா இருக்கிறா?" என்று கேட்டாள். அவளுக்கு அது ஏதோ உண்மையான தீவு போலப் பட்டிருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு மாதிரி.

மொன்றியலில் கடும் வெப்பம் என்று எச்சரிக்கை விடுவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மூன்று நாள் சராசரியாகப் பகலில் 33 பாகை, இரவிலும் 20 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இரவைச் சேர்த்ததில்தான் விசயம் இருக்கிறது. பகல் வெயிலை உடம்பு ஓரளவு தாங்கும். இரவிலும் ஆறாமல் மூன்று நாள் போனால், அதுவும் வயது போன இதயம் என்றால், தாங்காது. வயது போகப் போக வியர்ப்பதும் குறையும், தாகம் தெரிவதும் குறையும். தண்ணீரை வெளியே தள்ளுகிற பிறஷர் குளிசைகள் அதோடு சேர்ந்துகொள்ளும். "எனக்குத் தாகமே எடுக்கேல்லைப் பிள்ளை" என்று அம்மா சொன்னால் நான் இப்போது சந்தோசப்படுவதில்லை.

பார்க் எக்ஸ்டென்ஷன் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1.6 சதுர கிலோமீற்றருக்குள் 30,000 பேர் அளவில் இருக்கிற இடம். முதலில் கிரேக்கர்கள், பிறகு பஞ்சாபியர், பங்களாதேஷிகள், நாங்கள். அதன் மேற்குப் பக்கம் லகாடி என்ற பெரிய தெரு. அந்தத் தெருவுக்கு அங்கால் மொன்ட் றோயல் நகரம். ஒரு ரயில் கொம்பனி மலைக்குக் கீழால் சுரங்கப்பாதை வெட்டியபோது, அந்தச் செலவை ஈடுகட்ட 'தோட்ட நகரம்' என்று திட்டம் போட்டு உருவாக்கிய ஊர் அது. 1912இல் தனி நகரமானது. ஃப்ரெடெரிக் டொட் என்ற நிலவடிவமைப்பாளர் வரைந்த ஊர். வீட்டுக்கு வீடு பெரிய மரங்கள். 1960இல் அந்த ஊர்க்காரர் தெரு நெடுகிலும் ஒரு கம்பி வேலி போட்டார்கள், பக்கத்தில் செடிவேலியும் வளர்த்தார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த வேலிக்கு இடையிலிருந்த சின்னக் கதவுகளால் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போவார். கதவைத் தாண்டினதும் ஒரு குளிர்மை. அப்பா அதற்கு, "காசுக்காரரின்ர காத்து" என்று பெயர் வைத்திருந்தார்.

இன்றைக்கு யோசித்தால் அது பகிடி இல்லை. இலை தன் வழியாகத் தண்ணீரை ஆவியாக்கும்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. நிழல், வெயில் தாரில் விழாமலே தடுக்கிறது. ஏசி வீட்டுக்குள் இருக்கிற சூட்டைத் தெருவுக்குத் தள்ளுகிறது; மரம் தெருவையே குளிர வைக்கிறது. ஒரே நகரம், ஒரே வெயில். ஒரு தெருவின் இரண்டு பக்கத்தில் இரண்டு வேறு கோடை.

சரி, தார் போட்ட ஒழுங்கையில் மரத்தை எங்கே நடுவது? இதற்கு மொன்றியலில் முப்பது வருசப் பழக்கம் ஒன்று இருக்கிறது. இந்த நகரத்து வீடுகளுக்குப் பின்னால் ஒழுங்கைகள் ஓடுகின்றன. குதிரை வண்டியில் நிலக்கரியும் ஐஸும் வந்த காலத்து வழிகள். எல்லாவற்றையும் நீட்டி வைத்தால் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வரும். 1995இல் நகரசபை 'எக்கோ கார்ட்டியே' என்ற சுற்றுச்சூழல் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குப் பிறகு அயலவர்கள் சேர்ந்து கேட்டால் தாரை வெட்டி எடுத்து, மண் போட்டு, செடி தருகிற முறை வளர்ந்தது. அப்படி மாறியவற்றை 'ரூயெல் வெர்த்' என்பார்கள். பச்சை ஒழுங்கை. இப்போது 400க்கு மேல் இருக்கின்றன.

விதிகள் வட்டாரத்துக்கு வட்டாரம் கொஞ்சம் மாறும். ஆனால் அடிப்படை ஒன்றுதான்: அந்த ஒழுங்கையில் இருக்கிற சிலர் ஒரு குழுவாகச் சேர வேண்டும், பெரும்பாலான அயலவர்களின் கையொப்பம் வாங்க வேண்டும், நட்ட பிறகு பராமரிப்பு எங்கள் பொறுப்பு. தோண்டுகிற வேலையை நகரசபை பார்க்கும்.

நான் வேலையில் செய்வது போல ஒரு ஸ்பிரெட்ஷீற் போட்டேன். வீட்டு இலக்கம், மொழி, கையொப்பம் ஆச்சா இல்லையா. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏன் பிள்ளை உந்த வீண் வேலை? ஒழுங்கை வடிவாய் வந்தால் வீட்டுக்காரன் வாடகையைக் கூட்டுவான்" என்றா. எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. மரம் நட வேண்டாம் என்று சொல்ல யாராவது இப்படி ஒரு காரணம் சொல்வார்களா? பிறகு கதவு கதவாகப் போனபோது இன்னும் நாலைந்து பேர் அதையே சொன்னார்கள். 2019இல் ரயில் பாதைக்கு அங்கால் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் மில் வளாகம் திறந்ததற்குப் பிறகு, இந்தப் பக்கத்து வாடகைகளைப் பற்றி எல்லோருக்கும் பயம். சூட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் மரம் தேவை. மரம் வந்தால் அவர்களாலேயே அங்கே இருக்க முடியாமல் போகலாம். இந்தக் கணக்குக்கு என் ஸ்பிரெட்ஷீற்றில் ஒரு கட்டமும் இருக்கவில்லை.

அதற்கு அடுத்த தடை பார்க்கிங். ஒழுங்கையில் கார் விடுகிற எங்கட ஆள் ஒருவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், நேரடியாகக் கேட்டார்: "மரத்துக்கு இடம் இருக்கு, மனிசன்ர காருக்கு இடம் இல்லையோ?" அவர் இரவு வேலை. விடிய வந்து தெருவில் இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றுவதைப் பற்றி எனக்கு விளக்கிச் சொன்னார். அவரையும் வில்லன் ஆக்க முடியாது.

கடைசியில் காரியத்தை நடத்தியது அம்மா. ஒரு நாள் என்னோடு சும்மா வந்தவ, பக்கத்து வீட்டுப் பங்களாதேஷ் அக்காவின் வீட்டில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தா. முக்கால் மணி நேரம் போச்சு. அவவின் மூத்த அக்கா 2018 வெப்பத்தில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கதையை அன்றைக்குத்தான் கேட்டோம். பத்து வருசமாக ஒரே சுவர், ஆனால் தெரியாது. திரும்பி வரும்போது அம்மா, "கடதாசியைத் தா, நான் கேக்கிறன்" என்றா.

அம்மா சபனெல் பக்கத்துத் தையல் தொழிற்சாலையில் பல வருசம் வேலை செய்தவ. அங்கே படித்த பிரெஞ்சு இலக்கணத்துக்கு அகப்படாது. ஆனால் யாருக்கும் விளங்கும். "மடாம், சின்யே இசி, பூர் லார்ப்ர்" என்று சொல்லிப் பேனையை நீட்டினால் மறுக்க ஏலாது. கீழ்த்தட்டில் இருக்கிற கிரேக்கக் கிழவரிடம் அவவே போனா. அவர் ஒவ்வொரு பனிக்காலத்துக்கும் முதல் தன் அத்திமரத்தை வளைத்து மண்ணுக்குள் புதைத்து, வசந்தத்தில் தோண்டி நிமிர்த்துகிறவர். அம்மா கறிவேப்பிலைச் சட்டியை ஒக்ரோபரில் உள்ளே எடுத்து, யூனில் வெளியே வைக்கிறவ. இரண்டு பேருக்கும் பொதுமொழி இல்லை, ஆனால் பேச நிறைய இருந்தது. இரவு வேலை மாமாவுக்கும் ஒரு வழி கண்டார்கள்: ஒழுங்கையைக் காருக்கு மூட வேண்டாம், இரண்டு ஓரத்தில் மட்டும் வெட்டலாம், அவர் விடுகிற இடம் அப்படியே இருக்கட்டும். அவர் கையெழுத்துப் போட்டார். நடுகிற நாளில் மண் சுமந்ததும் அவர்தான்.

தார் வெட்டின அன்றைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். அடியில் ஈரமான மண் இருந்ததைக் கண்டு என் சின்னவனுக்கு ஆச்சரியம். றோட்டுக்குக் கீழே பூமி இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. கோடையில் வெறுங்காலோடு ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தார்கள்: தாரில் எத்தனை வரை எண்ணிக்கொண்டு நிற்க முடியும், மண்ணில் எத்தனை வரை. தாரில் ஐந்தைத் தாண்டவில்லை. மண்ணில் எண்ணுவதை மறந்துவிட்டார்கள். வெப்பத் தீவை விளக்க இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

என்ன நட்டோம் என்று கேட்பீர்கள். பனியையும் உப்பையும் தாங்குகிற இந்த ஊர்ச் செடிகள், சுவரில் ஏறுகிற கொடிகள், சின்னப் பழம் காய்க்கிற அமெலான்ஷியே, ஒரு மிக்கோக்குலியே மரம். எல்லாம் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பதில் நகரசபை கவனமாக இருக்கிறது, காரணமும் உண்டு. 2011இல் மொன்றியலில் பச்சை நிறத்தில் மினுங்குகிற ஒரு வண்டைக் கண்டுபிடித்தார்கள். சாம்பல் மரம் எனப்படும் ஆஷ் மரங்களை மட்டும் குடைகிற வண்டு. தெருத் தெருவாக அந்த ஒரே சாதியை நட்டிருந்தபடியால் ஆயிரக்கணக்கில் வெட்ட வேண்டி வந்தது. இப்போது 2030க்குள் ஐந்து லட்சம் மரம் நடுவது என்று நகரம் திட்டம் வைத்திருக்கிறது. ஒரே சாதியை நடுவதில்லை. அம்மா பூசணியும் பாவலும் போடக் கேட்டா. பழைய ஒழுங்கை மண்ணில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் சாப்பிடுகிறதைப் பெட்டியில் புது மண் போட்டு நடச் சொன்னார்கள். இப்போது பாவல் பெட்டியிலிருந்து கிரேக்கக் கிழவரின் வேலியில் ஏறுகிறது. அவர் ஒருக்கால் சாப்பிட்டுப் பார்த்தார். இரண்டாவது தரம் கேட்கவில்லை.

2024 ஓகஸ்ட் 9ஆம் திகதி டெபி சூறாவளியின் மிச்சம் வந்து ஒரே நாளில் 150 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். லவாலில் எங்கள் பேஸ்மென்றில் கணுக்கால் அளவு தண்ணி. ஓர் ஒழுங்கையின் மண் அவ்வளவு மழையையும் குடிக்காது, அது தெரிந்த விசயம். ஆனால் எல்லாமே தாராக இருந்தால் ஒரு துளியும் இறங்க வழியில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் குழாய்க்குள் ஓடும். வெயிலுக்கு என்று வெட்டின மண் மழைக்கும் உதவுகிறது என்பதை அந்தக் கிழமைதான் எனக்கு யோசிக்கத் தோன்றியது.

மரம் வளரும் வரை வெயில் காத்துக்கொண்டு நிற்காது. ஆகவே உடனடியாகச் செய்கிறதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் படுக்கையறைக்கு மட்டும் ஒரு சின்ன ஏசி. பில் எங்கள் கணக்கில் போகிறது, அதனால் இப்போது போடுறா. பகலில் யன்னல் சீலை மூடி, இரவில் திறப்பது. எச்சரிக்கை வந்த நாட்களில் இரண்டு மூன்று மணி நேரமாவது குளிர்ந்த இடத்தில், நூலகத்திலோ கடைத்தொகுதியிலோ, இருப்பது. வெயில் காலத்துக்கு முதலே டொக்டரிடம் குளிசைகளைப் பற்றிக் கேட்பது. காலை ஒரு கோல், இரவு ஒரு கோல். "சாப்பிட்டாச்சா?" என்பதோடு "எத்தனை கப் தண்ணி குடிச்சனீங்கள்?" என்றும் கேட்பது. தலைச்சுற்று, குழப்பமான பேச்சு என்று ஏதாவது தெரிந்தால் கியூபெக்கில் 811க்கு எடுக்கலாம். ஆள் மயங்கினால் யோசிக்காமல் 911. பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மாவின் திறப்பு ஒன்று இருக்கிறது, அவவின் திறப்பு அம்மாவிடம். ஒழுங்கையால் எங்களுக்குக் கிடைத்த முதல் நிழல் அந்தத் திறப்புத்தான் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளோடு மொன்றியல் வருகிறவர்கள் சென் மிஷேல் பக்கம் ஃப்ரெடெரிக் பாக் பூங்காவைப் பாருங்கள். முதலில் கல் உடைத்த கிடங்கு, பிறகு நகரத்துக் குப்பை கொட்டின இடம். இப்போது புல்லும் மரமும். நடுநடுவே நிற்கிற வெள்ளை உருண்டைகள் குப்பையிலிருந்து எழும் வாயுவை எடுக்கிற கிணறுகளை மூடி நிற்பவை. தனி ஆளாக மரம் நட்டு ஒரு காட்டையே உருவாக்கிய மனிதனைப் பற்றிப் படம் எடுத்து ஒஸ்கார் வாங்கிய கலைஞரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். "குப்பைக்கு மேலயா நிக்கிறம்?" என்று என் மகள் மூன்று தரம் கேட்டாள்.

எங்கள் மிக்கோக்குலியே இப்போது என் தோள் உயரம். அதன் நிழல் மூன்றாம் தட்டுக்கு வர இருபது வருசமாவது போகும். இதை அம்மாவிடம் சொன்னபோது, "தென்னை வைச்சவன் திண்டிட்டுச் சாவான், பனை வைச்சவன் பாத்திட்டுச் சாவான். இது பனை எண்டு வைச்சுக்கொள்" என்றா. சிரித்தபடிதான் சொன்னா. நான் சிரிக்கவில்லை.

இந்த வருசம் வீட்டுக்காரரிடமிருந்து வாடகைக் கடிதம் வந்திருக்கிறது. அம்மா பயந்த மாதிரி நன்றாகவே கூட்டிக் கேட்டிருக்கிறார். மரத்தாலா, ஊர் முழுக்க ஏறுவதாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கியூபெக்கில் வாடகை ஏற்றத்தை மறுத்துவிட்டும் அதே வீட்டில் இருக்கலாம். பதில் எழுத ஒரு மாதம் தருகிறார்கள், ஒத்து வராவிட்டால் வாடகைத் தீர்ப்பாயம் கணக்குப் பார்க்கும். இது தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்களும், வீட்டை விட்டவர்களும் எங்கட ஆட்களில் நிறையப் பேர். பதில் கடிதத்தை நான் பிரெஞ்சில் எழுதி அனுப்பினேன். அம்மா இரண்டு வீடு தள்ளியிருக்கிற பஞ்சாபிக் குடும்பத்துக்கும் ஒரு பிரதி கேட்டா. இப்போது அந்த ஸ்பிரெட்ஷீற்றில் 'வாடகைக் கடிதம்' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்.

தண்ணி ஊத்துற முறை சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு. படி இறங்கி ஏற முழங்கால் விடுவதில்லை என்பதால் என் மகள் குழாயைப் பிடிப்பாள், அவ மேலே பல்கனியில் நின்று "வேருக்கு, வேருக்கு, இலைக்கு இல்லை" என்று சத்தம் போடுவா.